டிகாஷன் ஃபில்டரா, காபி மேக்கரா, மோக்கா பாட்டா?

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் ஆறு வருஷமாக ஒரு டிரிப் காபி மேக்கர் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அம்மாவின் எவர்சில்வர் ஃபில்டரும் இருக்கிறது. வருகிறவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மெஷின்தான் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்பார்கள். அதற்கு நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே, "நாங்களும் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கிறோம், வாங்கலாமா?" என்று அடுத்தது வரும். அவசரத்தில் "ஓ, வாங்குங்களேன்" என்று நான் சொல்லி, அவர்களும் வாங்கி, மூன்றே மாதத்தில் அது பரணில் ஏறிய கதை இரண்டு உண்டு. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிடப்போவது மூன்றை: நம் அடுக்கு ஃபில்டர், கரண்டில் ஓடும் டிரிப் காபி மேக்கர், அடுப்பில் வைக்கும் மோக்கா பாட். இன்ஸ்டன்ட் தூளைச் சேர்க்கவில்லை, கலக்கினால் காபி, அதில் யோசிக்க என்ன இருக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ மெஷின்களையும் விட்டுவிட்டேன், அந்த விலைக்கு நான் இன்னும் துணியவில்லை.

## எதை வைத்து அளப்பது

முதலில் உங்கள் டம்ளரில் பால் எவ்வளவு என்று பாருங்கள். கடையில் இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். முக்கால் டம்ளர் பாலுக்குக் கால் டம்ளர் டிகாஷன் விடுகிற வீடு என்றால் அந்தக் கால் டம்ளர் கள்ளிச்சொட்டாக இருந்தாக வேண்டும், கொஞ்சம் நீர்த்துப்போனாலும் பால் வாசனைதான் தூக்கலாக நிற்கும். பாலே விடாமல் பிளாக் காபி குடிக்கிறவருக்கு அதே கள்ளிச்சொட்டு வெறும் கஷாயம்.

அடுத்தது நேரம். கடிகாரம் காட்டும் நேரம் ஒன்று, நம் கை வேலை செய்யும் நேரம் இன்னொன்று. டிகாஷன் இறங்க அரை மணி ஆகிறது என்று சலித்துக்கொள்கிறோம், அந்த அரை மணியும் அதன் முன்னால் கைகட்டி நின்றவர் யாரும் கிடையாது.

அப்புறம் தூள். கருவிக்கு ஒரு தடவைதான் காசு, தூளுக்கு மாதாமாதம். 2024-இல் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை எகிறியதிலிருந்து, அரைத்துத் தரும் கடையில் கால் கிலோ சொல்லும்போதே கை பர்ஸை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறது.

கழுவும் வேலை, தண்ணீரில் இருக்கும் உப்பு, கரண்ட், உடைந்தால் உதிரி பாகம் கிடைக்குமா என்கிற விஷயம் எல்லாம் வாங்கும்போது ஞாபகத்துக்கே வராது. வாங்கிய பிறகு தினமும் வரும்.

## அடுக்கு ஃபில்டர்

மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், குடை, மூடி, அவ்வளவுதான். இது கெட்டியாக இறக்குவதற்குக் காரணமே மெதுவாக இறக்குவதுதான். வெந்நீர் இருபது முப்பது நிமிஷம் தூளோடு கிடந்து, அதில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக வருகிறது. சிக்கரி கலந்திருந்தால் இன்னும் மெதுவாகும், ஏனென்றால் சிக்கரி ஊறிப் பிசுபிசுத்துத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். நிறத்திலும் கெட்டியிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 80:20, 70:30 என்று சொல்லி வாங்குகிறோமே, அதில் இரண்டாவது எண் அதுதான். பாக்கெட் தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம் உணவுத் தர விதி, அதாவது 49 வரை சிக்கரி போட்டாலும் அது சட்டப்படி சரி. மெஷினுக்கு மாறும்போது இந்த எண்ணே தலைவலியாகும், வருகிறேன்.

கை வேலை மூன்று நிமிஷம். இரவே தூள் போட்டுக் குடையால் லேசாக அமுக்கி வெந்நீர் விட்டு மூடிவிட்டால் காலையில் டிகாஷன் தயார். ஆறித்தான் இருக்கும், பொங்கப் பொங்கப் பாலை விட்டால் சூடு சரியாகிவிடும். டிகாஷனை மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள். எங்கள் அம்மா இரவு போடுவதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஐந்தரைக்கு வெந்நீர், ஆறுக்கு முதல் டம்ளர், இதுதான் அவர் கணக்கு.

விலைச் சீட்டில் எழுதாத தொல்லை ஒன்று உண்டு, அடைப்பு. துளைகளில் தூள் ஏறிக்கொண்டால் ஒரு சொட்டும் இறங்காது, அதுவும் சரியாகச் சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும் நாளில்தான். மூடியைத் தட்டுவோம், உலுக்குவோம், கடைசியில் பொறுமையிழந்து ஸ்பூனால் கிளறிவிட்டு மண்டியோடு குடிப்போம். மாதம் ஒரு தடவை மேல் பாத்திரத்தைக் காலியாக அடுப்புத் தீயில் காட்டினால் ஒட்டியிருக்கும் தூள் கருகி உதிர்ந்துவிடும். எவர்சில்வர் கொஞ்சம் நிறம் மாறும், மாறட்டும். பித்தளை ஃபில்டர் அழகுதான், புளி போட்டுத் தேய்க்க வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள்.

இன்னொரு குறை அளவு. மூன்று பேர் ஃபில்டரில் எட்டுப் பேருக்கு இறக்க முடியாது, இரண்டாம் டிகாஷனை நம்பினால் மானம் போகும். சரி, பெரியதாகவே வாங்கிவிடலாம் என்றால், அதில் இரண்டு பேருக்கான தூளைப் போட்டதும் தூள் மெல்லிய படிவாகப் பரவித் தண்ணீர் கடகடவென்று ஓடிவிடும். இரண்டு அளவு ஃபில்டர் இல்லாத பழைய வீட்டை நான் பார்த்ததில்லை.

## டிரிப் காபி மேக்கர்

இது எங்கே, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிப் புகார் அடங்கிவிடும். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, காபியில் மண்டி வருவது பிடிக்காமல், மகனின் பள்ளி நோட்டில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து வடிகட்டிப் பார்த்தார். பேப்பர் ஃபில்டர் வந்தது அப்படித்தான். அதே ஜெர்மனியில் 1954-இல் விகோமாட் என்ற மின்சார டிரிப் மெஷின் வந்தது. அமெரிக்க வீடுகளில் அதைப் பரப்பியது 1972-இல் வந்த மிஸ்டர் காபி. இவர்கள் எல்லாரும் மனதில் வைத்திருந்தது ஒரு பெரிய கோப்பை நிறைய, மண்டியில்லாத, தெளிவான பிளாக் காபி. பாலுக்கு விடும் டிகாஷனை யாரும் நினைக்கவேயில்லை. ஆகவே முதல் நாள் நான் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தூள் போட்டு, வந்ததைப் பாலில் கலந்து நீட்டியபோது, அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "என்னடா இது, கழனித் தண்ணி மாதிரி?" என்றதில் அம்மா மேலும் தப்பில்லை, மெஷின் மேலும் தப்பில்லை.

அதை டிகாஷன் போட வைக்க முடியாதா என்றால், முடியும். தண்ணீரைக் குறைத்துத் தூளைக் கூட்ட வேண்டும். தராசு வைத்துப் பார்த்தேன்: எங்கள் மூன்று டம்ளர் காபிக்கு ஃபில்டரில் 25 கிராம் போதும், மெஷினில் கிட்டத்தட்ட அதே கெட்டிக்கு 40 கிராம் ஆகிறது. தண்ணீர் சில நிமிஷத்தில் தூளைக் கடந்து ஓடிவிடுகிறதே, அதற்கு நாம் கொடுக்கும் விலை இது. ஒரு நாளைக்கு 15 கிராம் அதிகம் என்றால் மாதத்துக்கு 450 கிராம். உங்கள் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள், ஒரு வருஷத்துக்குள் இன்னொரு மெஷினுக்கான காசு தூளாகப் போயிருக்கும். நம்மூர் மிக்ஸி கம்பெனிகள் போடும் சின்ன மெஷின்களில் பேப்பருக்குப் பதில் வலை இருக்கும், தண்ணீரும் நிதானமாக வரும், அதனால் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். ஆனால் இருக்கும்.

இப்போது சிக்கரி. பேப்பர் போட்ட மெஷினில் 70:30 தூளைப் போட்டேன், அனுபவம் இல்லாத காலத்தில். தூள் ஊறிச் சேறாகி பேப்பரை அடைத்துக்கொண்டது, மேலேயிருந்து வெந்நீர் வந்துகொண்டே இருக்கிறது, தூள் போடும் கூடை நிரம்பி, ஜாடிக்கு வெளியே வழிந்து, மேடை முழுக்க ஓடி, கீழே இருந்த அரிசி டப்பா மேல் சொட்டியது. மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, டாங்கில் தண்ணீர் இருக்கும் வரை அனுப்பும். அன்றிலிருந்து மெஷினுக்குச் சிக்கரி இல்லாத தூள், கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது. ஃபில்டருக்குப் பழைய தூள். ஒரே வீட்டில் இரண்டு டப்பா, இரண்டு மூடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறோம், அப்படியும் மாறும்.

உள்ளே நடப்பது ரொம்ப எளிமை, அதுதான் இதன் அழகு. பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. டாங்குத் தண்ணீர் ஒரு வழி வால்வு வழியாக அடியில் இருக்கும் குழாய்க்கு வரும், ஹீட்டர் அதைக் கொதிக்க வைக்கும், ஆவிக் குமிழ்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உந்தித் தள்ளும். அந்தக் கடகட சத்தம் அதுதான். அதே ஹீட்டர்தான் ஜாடி உட்காரும் தட்டையும் சூடாக்குகிறது. இந்தக் குழாய்தான் நம்மூர்த் தண்ணீருக்கு முதலில் பலியாவது. போர் தண்ணீரை ஊற்றி ஒரு வருஷம் ஓட்டினோம், எட்டு நிமிஷத்தில் முடிந்தது பதினைந்து நிமிஷமானது, ரிப்பேர் என்று நினைத்துத் தூக்கிப் போடப் போனோம். வெறும் உப்புப் படிவு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் கரைத்து, பாதி ஓடியதும் நிறுத்தி, அரை மணி ஊறவிட்டு, மீதியையும் ஓட்டி, அப்புறம் இரண்டு தடவை நல்ல தண்ணீர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய உங்களால் முடியுமா என்று உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றினால் இடைவெளியைக் கூட்டலாம்.

சூட்டுத் தட்டை வரப்பிரசாதம் என்று நினைத்தேன். அரை மணிக்கு மேல் அதில் இருந்த காபி கசந்து வாயில் ஒட்டுகிறது. இறங்கி முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள்.

எரிச்சல்களில் முதலிடம் கண்ணாடி ஜாடிக்கு. சிங்க்கில் கழுவும்போது குழாயில் இடித்து உடைந்தது. ஜாடி தனியாக வேண்டும் என்றால் இல்லை, புது மாடல்தான் இருக்கிறது என்றார்கள். போகட்டும், கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை வைப்போம் என்று வைத்தால் ஒரு சொட்டும் விழவில்லை. கூடையின் அடியில் ஒரு ஸ்பிரிங் அடைப்பான் இருக்கிறது, ஜாடியின் மூடி அதை மேலே தள்ளினால்தான் திறக்கும். பாத்திரத்துக்கு அந்த மூடி ஏது? மறுபடியும் மேடை முழுக்கக் காபி. சரியான ஜாடி ஆன்லைனில் கிடைக்க மூன்று வாரம் ஆனது, விலை மெஷினில் கால் பங்கு.

இரண்டாவது, கரப்பான். இளஞ்சூடு, ஈரம், இருட்டு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது விடுமா. டாங்க் மூடியைத் திறந்து பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று மனைவி ஒரு சட்டம் போட்டிருக்கிறாள், காரணத்தை இங்கே எழுதவில்லை. மூன்றாவது, ஊருக்குப் போகும் அவசரத்தில் ஈரத் தூளைக் கூடையிலேயே விட்டுவிட்டுப் போய், நான்கு நாள் கழித்து வந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. ஃபில்டரிலும் இது நடக்கும், ஆனால் ஃபில்டரை யாரும் மூடிய மெஷினுக்குள் ஒளித்துவைப்பதில்லை.

இவ்வளவு திட்டியும் ஏன் ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன்? மனைவி பிளாக் காபிக்காரி. அவளுக்கு இது போடும் காபி மாதிரி ஃபில்டரிலும் வராது, மோக்காவிலும் வராது. சிக்கமகளூர் அராபிகாவைச் சிக்கரி இல்லாமல் வாங்கி, 500 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் போட்டால், டீயைப் போலத் தெளிவாக, லேசான புளிப்போடு இறங்கும். பாலில் இந்த ருசியெல்லாம் தெரியவே தெரியாது. தீபாவளி மாதிரி நாட்களில் பத்துப் பேருக்கு இரண்டு தடவை ஓட்டினால் வேலை முடிந்தது. அப்புறம் அந்த வாசனை. ஃபில்டர் மூடிக்குள்ளேயே இறங்குவதால் வாசனை அதற்குள்ளேயே அடங்கிவிடும், இது வீடு முழுக்கப் பரப்பிவிடுகிறது, கடைசியில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும், தூக்கத்தில் இருப்பவர்கள் தானாக எழுந்து வருவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை: இது பால் காய்ச்சாது. பால் காபி வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தே ஆக வேண்டும், பக்கத்து அடுப்பில் வெந்நீரும் வைத்துவிடலாம். அப்படிப் பார்த்தால் மெஷின் மிச்சம் பிடிக்கும் கை வேலை பெரிதாக ஒன்றுமில்லை. டிகாஷன் தீர்ந்துபோன சாயங்காலம் திடீரென்று ஆள் வந்தால் பத்து நிமிஷத்தில் சமாளிக்கலாம், பால் காபிக்காரர்களுக்கு இதன் நிஜமான லாபம் அவ்வளவுதான்.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 700 வாட் மெஷின் பத்து நிமிஷம் ஓடினால் 0.12 யூனிட் கூட இல்லை. கரண்ட் போனால்தான் வம்பு, சின்ன இன்வெர்ட்டர்கள் ஃபேன், லைட்டோடு சேர்த்து இதைத் தாங்காமல் கத்தும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஆசையாகக் கொண்டுவரும் மெஷினை நம் பிளக்கில் மாட்டாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230. ஹீட்டர் மூன்றரை மடங்குக்கு மேல் கரண்ட் எரிக்கப் பார்த்து ஒரு நிமிஷத்தில் கருகும். எங்கள் சித்தப்பா வீட்டில் கருகிய வாசனை இரண்டு நாள் இருந்தது.

மருத்துவர் கொலஸ்டிராலைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் பேப்பர் மெஷினுக்கு ஒரு மார்க் கூடுதலாகக் கொடுக்கலாம். காபி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டக்கூடியது, பேப்பர் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். உலோகத் துளையும் நைலான் வலையும் பிடிக்காது. ஆனால் பேப்பர் தெருமுனைக் கடையில் கிடைக்காது, ஆன்லைனில் நூறு நூறாக வாங்கி வைக்க வேண்டும், தீரும் நாளில்தான் தீர்ந்தது தெரியும்.

## மோக்கா பாட்

1933-இல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்தது. கீழே தண்ணீர், நடுவில் தூள், அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தம் தண்ணீரைத் தூள் வழியாக மேலே ஏற்றும். ஐந்தாறு நிமிஷம். நம் டிகாஷனுக்குக் கெட்டியில் மிக நெருங்கி வருவது இதுதான், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பால் காபிக்கு இதைப் பிடித்துக்கொள்வதில் அதிசயமில்லை.

தொல்லைகள்: மூன்று கப் பாட் என்றால் சின்ன எஸ்பிரெஸ்ஸோ கப் கணக்கு, நம் டம்ளரில் பாலோடு இரண்டு அல்லது மூன்று. பாதி நிரப்பி ஓட்டினால் சரியாக வராது. அலுமினியப் பாட் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. நம் பெரிய கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே அதன் சின்ன அடிப்பாகம் கவிழப் பார்க்கும், ஒரு குட்டி ஸ்டாண்ட் வேண்டும், தீயைக் கூட்டினால் கைப்பிடி உருகும். ரப்பர் வளையத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். சிக்கரி அதிகமுள்ள தூளை இதில் அமுக்கி நிரப்பாதீர்கள், அடைத்துக்கொண்டால் அழுத்தம் பாதுகாப்பு வால்வைத் தேடிப் போகும், அந்த வால்விலும் உப்பு படிந்திருந்தால் விளையாட்டில்லை.

## ஒரே பார்வையில்

| | அடுக்கு ஃபில்டர் | டிரிப் காபி மேக்கர் | மோக்கா பாட் |
|---|---|---|---|
| பால் காபிக்கு | மிகப் பொருத்தம் | தூளைக் கூட்டினால் சுமார் | பொருத்தம் |
| பிளாக் காபிக்கு | கசப்பு | மிகப் பொருத்தம் | தண்ணீர் சேர்த்தால் சரி |
| காத்திருக்கும் நேரம் | 20-30 நிமிஷம் | 8-10 நிமிஷம் | 5-6 நிமிஷம் |
| கை வேலை | 3 நிமிஷம் | 3 நிமிஷம் | பக்கத்திலேயே நிற்க வேண்டும் |
| தூள் | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| சிக்கரி | தாராளமாக | பேப்பரில் வேண்டாம் | கொஞ்சமாக |
| கெடுவது | துளை அடைப்பு | ஜாடி, உப்பு, வால்வு | ரப்பர் வளையம் |

## யாருக்கு எது

காலையும் மாலையும் பால் காபி, வீட்டில் இரண்டிலிருந்து நான்கு பேர், யாராவது ஒருவர் சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றால் ஃபில்டரோடு இருங்கள். நேரம் போதவில்லை என்பதற்காக மெஷின் தேடுகிறீர்கள் என்றால் முதலில் ஒரு வாரம் இரவே வெந்நீர் விட்டுப் பாருங்கள்.

தனியாக இருக்கிறவர், பால் காபி, எழுந்த பத்தாவது நிமிஷம் டம்ளர் கையில் வேண்டும், கேஸ் அடுப்பு இருக்கிறது: மோக்கா. ஹாஸ்டலில், பி.ஜி.யில் கேஸே இல்லை, கரண்ட் பாயிண்ட் மட்டும்தான் என்றால் சின்ன வலை மெஷின், அங்கே அனுமதித்தால்.

பிளாக் காபிக்கு மாறிவிட்டீர்கள், அல்லது ஒரே நேரத்தில் நாலைந்து பேர் பெரிய கப்பில் குடிப்பீர்கள், வீட்டிலிருந்தே ஆஃபீஸ் வேலை என்றால் காபி மேக்கர் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். எங்கள் வீட்டைப் போல ஆளுக்கொரு ருசி என்றால் இரண்டும் வேண்டியிருக்கும், மேடையில் இடத்துக்கு மிக்ஸியோடு சண்டை வரும்.

காபி மேக்கர்தான் என்று முடிவு செய்துவிட்டால், டைமர், டிஸ்பிளே எல்லாம் விட்டுவிடுங்கள். கூடை கழன்று வருகிறதா, டாங்க் மூடி முழுதாகத் திறந்து உள்ளே கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அதில் போட்டிருக்கும் 6 கப்பைப் பால் கலந்த 6 டம்ளராக நினைத்துக்கொள்ளாதீர்கள். பில் போடும் முன் ஜாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கடைக்காரர் உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தால், அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.